காது கேட்டது, வாய்தான் போய்ச் சேரவில்லை

என் மடிக்கணினியின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டைகள். ஒன்றின் மேல் காதில் மாட்டும் ஹெட்போன் படம், இன்னொன்றின் மேல் மைக் படம். வீட்டில் இருந்த ஹெட்செட்டுக்கோ ஒரே ஒரு பின். எந்த ஓட்டையில் அதைச் செருகுவது?

ரவாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கணினி வழியாக நேர்முகத் தேர்வு. கட்டாயம் ஹெட்செட் மாட்டியிருக்க வேண்டும், கைப்பேசி கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால் எங்கள் ஊரான அசாம் ஜாவாவிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பிழைப்பு இனி வேண்டாம். எனக்கு அது வேண்டும். வெறியோடு வேண்டும்.

கோலசிலாங்கூர் கடையில் முதலாளியான தவுக்கே என் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறது, உன் கணினிக்கு இரண்டு வளையம் உள்ள பின் இரண்டு வேண்டும் என்று மலாயில் விளக்கினார். நானும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற குட்டி ஒயர் ஒன்றைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் காது கேட்கிறது, என் குரல் போகவில்லை. பின்களை மாற்றிச் செருகினால் காதும் போனது. சோதித்துப் பார்க்கக் கணினியிலிருந்து என் கணவரை வீடியோவில் அழைத்தேன். அவர் வாசலில் நின்றபடி கைப்பேசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மீன் மாதிரி வாயத்தான் தொறக்கிற லா, சத்தமே வரல."

மறுநாள் ஜெராமுக்குப் போய் இரண்டு பின் வைத்த ஹெட்செட்டாகவே வாங்கிவந்தோம். அதிலும் அதே கதை. மைக் பின் மட்டும் பாதிதான் உள்ளே போனது. அதன் அளவே அப்படித்தானோ? வளையம் குறைவோ, கூடுதலோ? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

கடைசியில் கணவர்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். மைக் ஓட்டைக்குள் சந்தனம்!

சரஸ்வதி பூஜைக்கு மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் அவர்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். லோரி டயருக்கு அப்புகிற கையால் கணினிக்கும் அப்பியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமி கும்பிட வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் பல்குத்தும் குச்சியால் சந்தனத்தைத் தோண்டப் போய், குச்சியின் முனை உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்த ஓட்டையில் எதுவுமே நுழையவில்லை. ஏதோ செருகியிருப்பதாக நினைத்துக் கணினியின் சொந்த மைக்கும் வேலை செய்யவில்லை.

மறுநாளே வெள்ளிக்கிழமை. வேறு வழியில்லாமல் அப்படியே உட்கார்ந்தேன். திரையில் ஒரு தமிழ்ப் பெண், பக்கத்தில் ஓர் ஆண்.

"ஹலோ, கேக்குதா?" என்றார் அந்தப் பெண்.

"கேக்குதுங்க" என்றேன். குரல் போகவில்லை. தலையாட்டினேன், கையை ஆட்டினேன். எனக்குக் காதே கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள் போல. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"எஸ்டேட் பக்கத்து ஆளுங்கள எடுத்தா இதான் லா. ஒரு ஹெட்செட் மாட்டத் தெரியல, இவங்க எங்க கஸ்டமர்கிட்ட பேசப் போறாங்க? அடுத்த ஆளக் கூப்பிடுவோம்."

ஒவ்வொரு சொல்லும் இரண்டு காதிலும் தெளிவாக விழுந்தது. ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. கீழே எழுதுகிற பெட்டியில் தட்டினேன்: "நீங்கள் பேசுவது எல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. என் மைக்தான் வேலை செய்யவில்லை."

அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. ஆண் குனிந்துகொண்டார். பிறகு அவர்தான் பேசினார்.

"மன்னிச்சிருங்க அக்கா. எழுதியே பதில் சொல்லுங்க. கோவமா இருக்கிற கஸ்டமர்கிட்ட மொதல்ல என்ன செய்வீங்க?"

அந்த நேரத்தில் என்னைவிடக் கோபமாக யாரும் இருந்திருக்க முடியாது. எழுதினேன்.

"அவர் சொல்வதை முழுசாகக் கேட்பேன்."

வேலை கொடுத்தார்கள். அந்தப் பதிலுக்காகக் கொடுத்தார்களா, வெட்கப்பட்டுக் கொடுத்தார்களா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.