சுவரில் வெளுத்த பெயர்

பேருந்துப் பணிமனையில் கண்ணாடி பொருத்துகிறவனை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று, "இவன் மேல ஒரு வாண்டலிசம் கேஸ் இருந்துச்சு, பாத்துக்குங்க" என்று மேலாளர் யாரிடமோ சொன்னது, இன்ஜின் பிரிவு கிரீஸ் அண்ணன் காதில் விழுந்தது. பொதுச்சொத்தை உடைத்து நாசம் செய்வதைக் குறிக்கும் அந்தச் சொல்லின் வாலை அண்ணன் வெட்டிவிட்டு 'வாண்டல்' என்று பெயர் வைத்தார். துருப்பிடித்த நட்டு போல அது இறுகிவிட்டது.

கேஸ் பொய்யில்லை. பத்தொன்பது வயதில், காய்ச்சலில் துவண்ட அம்மாவைத் தாங்கிக்கொண்டு கை காட்டியும் நிற்காமல் போன பேருந்தின் மீது கல்லெறிந்தான். கண்ணாடி உடைந்து, உள்ளே இருந்த ஒரு பெண்ணின் காதோரம் கிழிந்தது. அதை அவன் யாரிடமும் மழுப்பியதில்லை. கண்ணாடி பொருத்தும்போதெல்லாம் விளிம்பை இரண்டு முறை தடவிப் பார்ப்பான்.

பட்டப்பெயரும் பழகித்தான் இருந்தது, மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும்வரை. கடைப்பலகை, மருந்துப் புட்டி, எதையும் அவள் விடுவதில்லை. நாளை பணிமனையைப் பார்க்க எல்லோருடைய குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். அவனுடைய வேலை மேசைக்கு மேலே, அண்ணன் எப்போதோ சிவப்பு பெயின்ட்டில் எழுதிய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து, எழுத்தின் மேலேயே அழுத்தித் தேய்த்தான். பெயின்ட் போனது. கூடவே அதற்கடியில் இருந்த பல வருடப் புகையும் பிசுக்கும் போயின. தள்ளி நின்று பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுத்த சுவரில் அதே பெயர், பளிச்சென்று வெள்ளையாக.

காதில் சிகரெட் செருகியபடி கிரீஸ் அண்ணன் வந்து நின்றார். "முன்னெல்லாம் கிட்ட வந்தாத்தான் தெரியும். இப்ப கேட்டுலேருந்தே தெரியுது. விளம்பரமாடா?"

"நாளைக்குப் பாப்பா வருதுண்ணே. படிச்சிட்டு அர்த்தம் கேக்கும்."

"செல்லப் பேருன்னு சொல்லேன்."

"வீட்டுக்காரி தேடிப் பாத்துட்டா. வாண்டல்ங்கிறது ஒரு இனமாம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ரோமுக்குள்ள பூந்து ரெண்டு வாரம் கொள்ளையடிச்சாங்களாம்."

"அப்ப சரியாத்தானே வெச்சிருக்கேன்."

"கொள்ளையடிச்சது நிஜம்தான். ஆனா அவங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த ஊர எத்தனையோ பேரு அடிச்சிருக்காங்க. அப்புறம் அந்த இனமே இல்லாமப் போச்சு. ஆயிரத்து முன்னூறு வருஷம் கழிச்சு பிரான்சுல புரட்சி நடக்கும்போது, ஜனங்க சிலையெல்லாம் ஒடச்சாங்களாம். அதத் திட்டுறதுக்கு ஒரு பாதிரியார் இவங்க பேர எடுத்து ஒட்டிட்டாரு. ஏன்னு கேக்கத்தான் ஆளே இல்லையே."

அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருந்தியேடா. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் அண்ணன், கொஞ்சம் யோசித்துவிட்டு. பிறகு ஏணியை இழுத்துப் போட்டு, சோப்புத் தண்ணீரால் சுவரின் மேல் மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

வேலை முடிந்த பிறகும் இருவரும் துடைத்தார்கள். சுவர் முழுக்க வெளுத்ததும், எல்லோரும் மறந்துபோன ஓர் அறிவிப்பு நீல எழுத்தில் எட்டிப் பார்த்தது.

மறுநாள் மகள் அம்மாவின் கையை உதறிவிட்டு நேராக அந்தச் சுவரிடம்தான் போனாள். "பு... கை... பிடிக்... காதீர்." திரும்பி அண்ணனின் காதைப் பார்த்தாள். அவர் சிகரெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் ஓட்டுநர் குரல் கொடுத்தார். "டேய் வாண்டலு, இங்க கண்ணாடி ஆடுதுடா, வந்து பாரு!"

அவன் மேசையிலிருந்த திருப்புளியை எடுக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"யாரைப்பா கூப்பிடுறாங்க?" என்றாள் மகள்.

கிரீஸ் அண்ணன் அந்தத் திருப்புளியை எடுத்துக்கொண்டார். "என்னைத்தான் பாப்பா" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்து நடந்தார்.