வெள்ளைத் துண்டும் மஞ்சள் தண்ணீரும்

எழுபதுகளில் கார்த்திகை பிறந்தால் திபெத்துக்காரர்கள் சிலர் கம்பளிச் சட்டை மூட்டைகளோடு போடிக்கு வந்து இறங்குவார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் வாங்குவார்கள். அவர்களில் ஒரு அம்மாள் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். மரமே இல்லாத பெரும் புல்வெளியில் ஆட்டுமந்தையோடும் கூடாரத்தோடும் அலைந்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் உப்புப் போட்ட டீயை அம்மாவுக்குக் கொடுப்பாள். அம்மா ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை அவளுக்குக் கொடுப்பாள். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடிப்பார்கள்.

வேறு வேறு பாஷை பேசுகிற, மந்தை மேய்க்கும் கூட்டங்கள் அந்தப் புல்வெளியில் சந்தித்தால், முதலில் ஒருவர் கழுத்தில் ஒருவர் வெள்ளைத் துண்டு போடுவார்களாம். அப்புறம்தான் உப்பும் கம்பளியும் கைமாறுமாம். கடைவீதியில் கற்ற தமிழில் இதை எனக்கு அவள்தான் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் அக்காவுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வந்திருந்தார்கள். பூ வைத்து முடித்ததும் அந்த அம்மாள் முன்னறையிலிருந்து வந்தாள். சிரித்தபடி, இரண்டு கையாலும் ஏந்திய வெள்ளைத் துண்டை அக்காவின் கழுத்தில் போட்டாள்.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார்.

"தாலி ஏறுமுன்னே வெள்ளைத் துணியா? இது என்ன சகுனம்? எல்லாரும் எந்திரிங்க, போவோம்."

அக்கா அழத் தொடங்கினாள். அம்மாதான் துண்டை எடுத்து, மஞ்சள் கரைத்து வைத்திருந்த சட்டியில் முக்கிப் பிழிந்தாள்.

"பதறாதீக மதினி. அவுக நாட்டு வழக்கம் அது. மொதல்ல வெள்ளையாப் போட்டு, பெறகு மஞ்சள்ல நனைச்சுப் போடணும். நாந்தான் மஞ்சளை எடுத்துக் கொடுக்க மறந்துட்டேன்."

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா. எங்க வழக்கம்" என்றாள். சொட்டச் சொட்ட அந்த மஞ்சள் துண்டை வாங்கி, மறுபடி அக்காவின் கழுத்தில் போட்டாள். மாப்பிள்ளையின் தாயார் சற்று நின்றார். பிறகு உட்கார்ந்து, அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் முன்னறைக்குப் போய்க் கேட்டேன்.

"மஞ்சள்ல நனைக்கிறது உங்க வழக்கம் இல்லைதானே?"

மறுநாள் விற்பனைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். "முன்னே இல்ல. இப்போ இருக்கு."

இரண்டு பேரும் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் முதலில் யாரைப் பற்றிச் சொல்வது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே யோசனை.