கையைக் குடுங்க, ராத்தா

பாத்துமாவின் மய்யித்தைக் குளிப்பாட்டியபோது திரைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: அவர் மகள் ரம்லத், எதிர்வீட்டு ஜமீலா, நான். திரைக்கு வெளியே பதினேழு பெண்கள். எண்ணினேன். அந்தப் பதினேழு பேர் வீட்டிலும் இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி அனுப்பிவைத்தவர் பாத்துமாதான்.

சேதி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். விடிகாலை சுபுஹு தொழுது முடித்திருந்தேன். ஜமீலா ஜன்னல் வழியே, "பின்தெருவுல ஒரு பொம்பள மய்யித்தாம்" என்றாள். யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. மட்டாஞ்சேரியில் நாம் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பாத்துமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது ரம்லத்.

"மாமி, உம்மாதான் போயிட்டாங்க. இனி நான் யாரைக் கூப்பிடுறது?"

சில வருடங்களுக்கு முன் என் உம்மா மவுத்தாகி, குளிப்பாட்டிய அன்று நானும் திரைக்குள் நின்றேன். வெந்நீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, பாத்துமா உம்மாவின் காதருகே குனிந்து, "கையைக் குடு மோளே" என்றார். மகளே என்று அழைத்தது எனக்குச் சுருக்கென்றது.

"என் உம்மா உனக்கு மூத்தவங்க" என்றேன்.

"இந்தப் பலகையில கிடக்குறவ எல்லாம் எனக்கு மோளுதான். உன் உம்மா பங்களாக்காரின்னா மாத்தித் தொடங்குவேனா? எல்லாருக்கும் வலதுபக்கந்தான் முதல்ல."

அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை நான் 'நீ' என்றதும், பேர் சொல்லியே கூப்பிட்டு வந்ததும் அன்று எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் பின்வாசலில் சாயா கொடுத்தேன், அவருக்கென்று ஒதுக்கிவைத்த கிளாஸில். குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துப் போனார்.

நம் திங்கட்கிழமை குர்ஆன் ஓதலில் அதே பாத்துமா என் தோளை ஒட்டித்தான் தொழ நிற்பார். "வரிசையில இடைவெளி விடாதீங்க, அல்லாஹ் முன்னால எல்லாரும் ஒண்ணு" என்று உங்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்பவள் நான். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்து எழுந்ததும் அந்த இடைவெளியைத் தவறாமல் விட்டவளும் நான்தான்.

என் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியல் எழுதி மூன்று தடவை சரிபார்த்தேன். அதில் பாத்துமா பெயர் இல்லாமல் போனது மறதியால் அல்ல. நல்ல காரியத்துக்கு மய்யித்து குளிப்பாட்டுகிறவள் எதற்கு என்று நினைத்தேன். அடுத்த வாரம் தோப்பும்படி மீன்கடையில் எதிரே வந்தார்.

"பிரியாணி நல்லா இருந்துச்சாமே?"

நான் பயந்துபோய் மீனைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

"பேடிக்காதே மோளே. கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னா என்ன, கடைசியில என்னைக் கூப்பிடாம முடியாதல்லோ!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மத்தி மீனாகப் பொறுக்கி என் பையில் போட்டதும் அவர்தான். அந்தக் கடைசி நாளில் என்னைக் குளிப்பாட்ட அவர் இருப்பார் என்று நானும் நம்பியிருந்தேன்.

பாத்துமாவைக் குளிப்பாட்ட உள்ளே போன எங்கள் மூவருக்கும் முறை ஏட்டளவில்தான் தெரியும். நான் நோட்டில் எழுதிவைத்திருந்ததை ஜமீலா வாசித்தாள். நான் தண்ணீரை முதலில் இடதுபக்கம் ஊற்றிவிட்டேன். "மாமி, வலதுபக்கம்" என்றாள் ரம்லத், அழுதுகொண்டே. முதலிலிருந்து தொடங்கினோம். வலது கை மடங்கி விறைத்திருந்தது. எத்தனை பேருக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றிய கை.

"கையைக் குடுங்க, ராத்தா" என்றேன்.

அக்கா முறை வைத்து அவரை ராத்தா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. கேட்கத்தான் அவர் இல்லை. வெந்நீர் பட்டுக் கை மெல்ல நெகிழ்ந்தது. விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்தாவின் நினைவாக என்னிடம் இருப்பது அவருக்கென்று ஒதுக்கிவைத்திருந்த அந்தக் கிளாஸ். இப்போது நான் அதில்தான் சாயா குடிக்கிறேன். அதனால் எதுவும் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

இனி நம் தெருவில் எந்தப் பெண் மவுத்தானாலும், எந்த வீடானாலும், நான் போவேன். மய்யித்தைத் தனியாகப் புரட்ட முடியாது. கூட இரண்டு பேர் வேண்டும். உம்மாவின் வேலை மகளுக்கு என்று ரம்லத்தின் தலையில் தள்ளிவிடாதீர்கள். உங்களில் யார் வருகிறீர்கள்? அடுத்த திங்கள் ஓதலுக்கு முன் எனக்குப் பதில் சொல்லுங்கள்.