செபமாலை மூட்டையைத் துரத்திக்கொண்டு சிதம்பரம் போன கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போக ரயில் நல்லதா, பஸ் நல்லதா என்று போன வாரம் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ரயில் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பாதை என்றாலே எனக்கு ஒரு மூட்டை உடைந்த பிளாஸ்டிக்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடலூர் பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில். அதைச் சுற்றி நாற்பது வீடுகள் இருக்கும். பிளாஸ்டிக் அன்றைக்குக் கௌரவமான சாமான். சோப்பு டப்பா பிளாஸ்டிக்கில் இருந்தால் அதை ஜன்னலில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி வைப்போம். உடைந்தாலும் எறிய மாட்டோம். பழைய இரும்பு, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருகிறவன் பிளாஸ்டிக்கைத் தொட மாட்டான் என்பதால் அது வீட்டு மூலைகளிலேயே சேர்ந்துகொண்டிருந்தது.

இதில் எங்களுக்கென்று தனியாக ஒரு வம்பு உண்டு. சாமியார் செபம் சொல்லி மந்திரித்த பொருளை நாங்கள் குப்பையில் போட மாட்டோம். அறுந்த செபமாலை, கிழிந்த படம் எதுவானாலும் எரிக்க வேண்டும், இல்லையென்றால் புதைக்க வேண்டும். அதற்கென்றே கோயிலுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. மரமணி செபமாலை இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. மண்ணோடு மண்ணாகிவிடும். வேளாங்கண்ணிக் கடைகளில் பிளாஸ்டிக் செபமாலை வந்து, போனவர்கள் எல்லாம் ஆளுக்கு நாலு வாங்கிவந்தார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் குழி நிரம்பி, நீலமும் சிவப்புமாக மணிகள் புதைத்தது புதைத்தபடியே மிதந்து கோயில் வாசற்படிக்கு வந்து நின்றன. எரித்துப் பார்த்தார்கள். அந்த நாற்றத்தில் சாயங்கால செபமே பாதியில் கலைந்தது.

பங்குச் சாமியார் ஒரு வழி சொன்னார். இனிமேல் பிளாஸ்டிக் செபமாலை வாங்க வேண்டாம். உடைந்ததையெல்லாம், வீட்டு டப்பா சீப்போடு சேர்த்து, உருக்கிப் பொத்தான் செய்கிற பாய் ஒருவருக்கு அனுப்பிவிடலாம். உடைந்து உருக்குலைந்தால் மந்திரிப்பும் போய்விடும், அதனால் பாவமில்லை என்றார். அதோடு ஊரே குழம்பிப்போனது. அறுந்தது உடைந்ததில் சேர்த்தியா? ஒரு மணி மட்டும் போனால் பாதி மந்திரிப்பு மிச்சமிருக்குமா? எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கொண்டுவந்து போட்டார்கள். சனிக்கிழமை மூட்டை லாரியில் ஏறிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோசம்மா அத்தை, சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவியாக இருந்த உபதேசியாரிடம் போய்த் தன் செபமாலையைக் கேட்டாள். அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தவள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரராகப் போய்ப் பினாங்கில் காய்ச்சலில் இறந்துபோனார். அவரைப் புதைத்த இடம்கூட அத்தைக்குத் தெரியாது. கூட வேலை பார்த்தவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் செபமாலை மட்டும்தான். அதில் ஒரு கம்பி விட்டுப்போனதால் பழுது பார்க்கச் சொல்லி உபதேசியாரிடம் கொடுத்திருந்தாள்.

உபதேசியார் சவரிமுத்துவிடம் இரண்டு பால்மாவு டப்பாக்கள் இருந்தன. ஒன்று பழுது பார்க்க, இன்னொன்று அனுப்பிவிட. இரண்டையும் திறந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, டப்பா மாறிப்போச்சும்மா."

அத்தை கத்தவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் விரல்களை உருட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பாசஞ்சரில் நானும் அத்தையும் கிளம்பினோம். மூன்றாம் வகுப்பு டிக்கெட், தலைக்கு ஒரு ரூபாய்க்குள்தான். உபதேசியார் எங்களிடம் சொன்ன விலாசம் 'பரங்கிப்பேட்டை கபூர் பாய், பொத்தான்காரர்' என்பது மட்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் நம்பிக்கையோடு இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு நல்ல நடை, உப்புக் காற்று வேறு. மூன்று தெருவில் விசாரித்தோம். கபூர் என்றால் எந்தக் கபூர் என்று எல்லோரும் எங்களையே திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் சிங்கப்பூர் போன கபூரின் வீட்டைக் காட்டினார், இன்னொருவர் வலை விற்கிற கபூரிடம் கூட்டிப்போனார். கடைசியில் ஒரு கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார்.

"பொத்தான் கபூரா? நம்ம மச்சான்தான். ஆனா அவுங்க சிதம்பரத்துலல்ல இருக்காங்க! அங்க உள்ளவங்கதான் அவர பரங்கிப்பேட்டை பாய்ம்பாங்க. இங்க நாங்க சிதம்பரத்தாருன்னு சொல்லுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் உபதேசியாரை அங்கேயே நாலு வார்த்தை திட்டினேன். "இந்நேரம் உருக்கியிருப்பாங்களா?" என்று அத்தை கேட்டாள். கடைக்காரர் உச்சுக்கொட்டி, "திங்கக்கெழம மெஷின் ஓட்டுவாங்கம்மா, சீக்கிரம் போங்க" என்றார். அடுத்த ரயில் சாயங்காலம்தான். பி.முட்லூர், புவனகிரி என்று ஊரெல்லாம் சுற்றிப்போகிற பஸ்ஸில் ஏறினோம். முக்கால் மணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றபோது அத்தை இறங்கி நடக்கவே எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பாயின் பட்டறை. முன்னறையில் கையால் அழுத்துகிற அச்சு மெஷின். பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த பொத்தான்கள். சோப்பு டப்பா நிறத்திலேயே இருந்தன. அதைப் பார்த்ததும் அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கபூர் பாய்க்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அவரே குழம்பினவர் போலத்தான் பேசினார்.

"அக்கா, டப்பா சீப்பெல்லாம் காலையிலயே உருக்கிட்டேன். மணிய மட்டும் இன்னும் உருக்கல. உங்க சாமியாரு பாவமில்லேன்னு சொல்லி அனுப்புனாரு. ஆனா எங்க வாப்பாவோட தஸ்பீஹ் மணி அறுந்து கெடந்து, அதயே நா உருக்காம வச்சிருக்கேன். ஓதுன மணி அது. உங்க ஆளுங்க ஓதுனத மட்டும் எப்படி உருக்குறது? கை வரல."

அத்தை அழுதேவிட்டாள். ஆனால் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி ஜுலைகா தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. கம்பி இருந்தா மெஷின் கெட்டுப்போவும்னு நேத்தே நா எல்லாத்தயும் கழட்டிட்டேன். கலர் கலரா பிரிச்சு வச்சிருக்கேன்."

கம்பியும் சிலுவைகளும் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. மூலை நசுங்கியிருந்த தன் சிலுவையை, பாடுபட்ட சுரூபத்தை, அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். மணிகள்தான் சிக்கல். வெள்ளை மணி மட்டும் ஒரு படி இருந்தது. நாற்பது வீட்டு வெள்ளையும் ஒன்றாய்க் கலந்து கிடந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. அத்தை ஒவ்வொன்றாய் எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். "தெரியலயேடி" என்றாள். எத்தனையோ வருஷம் உருட்டிய விரல்களுக்கே தெரியவில்லை என்பது எனக்குப் பயமாகவே இருந்தது.

"அது இருட்டுல மினுங்கும்" என்று அத்தை திடீரென்று சொன்னாள். "விளக்க அணைச்சா பச்சையா தெரியும்."

பாய் மணிகளோடு எங்களைப் பின்னாலிருந்த கிடங்குக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. ஒன்றுகூட மினுங்கவில்லை. மந்திரிப்பு போன மாதிரி மினுக்கமும் போய்விட்டதோ என்று நான் முட்டாள்தனமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஜுலைகாதான், "மூட்டையிலயே கெடந்துச்சே, வெயில் படாம எப்படி மினுங்கும்?" என்றாள். மணிகளை முறத்தில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் வைத்தோம். அப்படியே மூடிக் கீழே கொண்டுவந்து கதவைச் சாத்தினோம்.

முறம் முழுக்க அங்கங்கே பச்சையாய்ப் புள்ளிகள். அத்தை "மாதாவே" என்றாள், ஜுலைகா "அல்லாஹ்" என்றாள். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து இருட்டிலேயே பொறுக்க ஆரம்பித்தார்கள். மினுக்கம் மங்கினால் மறுபடி மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை.

பொறுக்கி முடித்து வெளிச்சத்தில் எண்ணினோம். செபமாலைக்கு ஐம்பத்தொன்பது மணிதான் வேண்டும். மினுங்கியதோ நூறு! வேளாங்கண்ணியில் வேறு யாரோ ஒருவரும் மினுங்குகிற மாலை வாங்கியிருக்கிறார். எது மாமாவுடையது, எது கடைச்சரக்கு? இனி அதைச் சொல்ல எந்த வெயிலாலும் முடியாது.

கடைசியில் அத்தையே நூல் கேட்டாள். ஐம்பத்தொன்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கோத்து, நசுங்கிய சுரூபத்தைக் கட்டினாள். பிறகு மிச்சத்தில் முப்பத்து மூன்றை எண்ணி ஜுலைகாவின் கையில் வைத்தாள்.

"உங்க தஸ்பீஹுக்கு இத்தினிதான வேணும்? கோத்துக்க. எம் புருஷன் தொட்ட மணி எங்கிட்டயும் இருக்கும், உங்கிட்டயும் இருக்கும். நா அங்க வேண்டிக்கிறேன், நீ இங்க வேண்டிக்க. எதுவும் உட்டுப்போவாது."

ஜுலைகா மணிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிஞ்சிய எட்டு மணியை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்ற மணிகளையெல்லாம் பாய் எங்களிடமே மூட்டையாகத் திருப்பிக் கொடுத்து, "டப்பா அனுப்புங்க, சீப்பு அனுப்புங்க, மணிய நீங்களே கோத்துக்கங்க. எனக்கு இந்தப் பாவபுண்ணியக் கணக்கு ஜாஸ்தி" என்றார். அதன்பின் எங்கள் கோயிலில் சனிக்கிழமை தோறும் பெண்கள் கூடிப் பழைய மணிகளையே கோத்துக் கொடுத்தார்கள். புதிதாக வாங்குவது நின்றது. குழியில் எதையும் போடவில்லை. உடைந்த டப்பாக்கள் மட்டும் மாதம் ஒருமுறை சிதம்பரம் போய்ப் பொத்தானாக மாறின.

இப்போது போகிறவர்களுக்கு: காலை ரயிலில் போங்கள், ஜன்னலோரம் கிடைத்தால் கிள்ளை வரை உப்பங்கழி தெரியும். யாருடைய பெயரோடாவது ஊர் ஒட்டியிருந்தால் அவர் அந்த ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். துணிப்பையும் தண்ணீர்ச் செம்பும் கையோடு இருக்கட்டும். சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே இன்று கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஒரு கபூர் பாய் போதாது. எது குப்பை, எது குப்பையில்லை என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் குழம்பினோம். இன்றைக்கு யாரும் குழம்புவதாகத் தெரியவில்லை. கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். எனக்கு அந்தக் குழப்பமே தேவலை என்று படுகிறது.

அத்தை இறந்தபோது, எங்கள் வழக்கப்படி கையில் செபமாலை வைக்க வேண்டியிருந்தது. வீட்டில் மரமணி மாலை ஒன்று இருந்தது. நான் அதைத்தான் எடுத்தேன். பிளாஸ்டிக்கை மண்ணில் புதைக்கக் கூடாது என்று அத்தனை வருஷமும் வீடு வீடாகச் சொல்லி வந்தவர் உபதேசியார் சவரிமுத்து. அவருக்கு அப்போது கண் பாதி தெரியாது. என் கையிலிருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இல்லம்மா, மினுங்குறத குடு" என்றார். கொடுத்தேன். அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, உள்ளே வந்து அத்தையின் விரல்களில் சுற்றிக் கட்டினார்.