சித்தப்பா கார்டில் இருந்த அக்கா

செத்துப்போன கிளாக்கர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதுதான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது. பதுளையில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இதில் விழுந்தேன். வம்சாவளி தேடுகிறவர்களுக்கான ஓர் இணையத்தளம். பழைய பதிவேடுகளைப் படம் பிடித்துப் போடுவார்கள். என்னைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தபடியே அதைப் படித்துக் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். தேவாலயத்து ஞானஸ்நானம், தேயிலைத் தோட்டத்துப் பிறப்பு இறப்பு, கப்பலில் வந்தவர்கள் என்று எல்லாம் வரும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக எழுதுவோம். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் பார்ப்பார்.

"செத்தவங்க பேர எழுதி என்னா கெடைக்கப் போகுது ஒனக்கு? கறிக்கு உப்புப் போட மறந்ததுதான் மிச்சம்" என்பார் என் வீட்டுக்காரர். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி அது. நான் தேடுவது செத்தவர்களை அல்ல. என் அக்காவை.

தளத்தின் முதல் விதி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது, உனக்குத் தெரிந்ததை எழுதாதே என்பது. ஒருமுறை நமுனுகுலத் தோட்டம் ஒன்றைப் பதிவேட்டில் பண்டாரவளை என்று எழுதி வைத்திருந்தார் யாரோ ஒரு கிளாக்கர். நான் பிறந்த மலை எனக்குத் தெரியாதா? மாற்றிவிட்டேன். திருத்துவது உங்கள் வேலையல்ல என்று மரியாதையாக ஒரு குறிப்பு வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியெல்லாம் திருத்தியவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பண்டாரவளை என்றே எழுதிக் கொடுத்தேன்.

காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு என்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

சித்தப்பா இருந்த தோட்டம் பதுளைக்குக் கிட்ட. அங்கிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் அக்கா அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். அப்போதெல்லாம் தோட்டத்தில் தலைக்கு இத்தனை கொத்து என்று கார்டு பார்த்து அரிசி அளப்பார்கள். அக்கா சாப்பிடுவதால் தம்பி வீட்டில் அரிசி பற்றாமல் போகக் கூடாதே என்று, அப்பாவே ஆபீசில் சொல்லி அவள் பெயரை எங்கள் கார்டிலிருந்து வெட்டிச் சித்தப்பா கார்டில் எழுத வைத்தார். "எங்க எழுதினா என்னா, நம்ம புள்ளதானே" என்றாராம். தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். பிள்ளை எங்கே சாப்பிடுகிறதோ அங்கே பெயர்.

பிறகு இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் யார் இந்தியா, யார் இலங்கை என்று எழுத வந்தார்கள். அந்தக் கார்டைப் பார்த்தே எழுதிக்கொண்டு போனார்கள். சித்தப்பா இந்தியா கேட்டார். அப்பா இங்கேயே இருக்கக் கேட்டார். அக்கா சித்தப்பாவின் மகளாக இந்தியாக்காரி ஆகிவிட்டாள். அப்பா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. எந்தக் கந்தோரிலும் அவர் பேச்சு எடுபடவில்லை.

பதுளையிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அதில்தான் அக்கா போனாள். அப்போது எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயசு. போன புதிதில் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அப்புறம் நீலகிரியிலிருந்து சில. அப்பா பெயருக்குச் சித்தப்பாதான் எழுதுவார். அக்கா ஒரு வரி எழுதியதில்லை. பிறகு ஒரு கலவரத்தில் எங்கள் லயத்து வீடு எரிந்தது, முகவரியும் சேர்ந்து எரிந்தது. நாங்கள் பூனாகலைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். சாகும்வரை அம்மா தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்பாள்.

எழுதி முடித்த பக்கங்களுக்கு யாராவது எங்கிருந்தோ நன்றி அனுப்புவார்கள். உங்களால் என் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வெள்ளைக்காரி எழுதினாள். சந்தோஷம்தான். ஆனால் அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஆள் தேடிக் கொடுக்கிறேன், என் ஆள் எங்கே?

தளத்தில் குடும்ப மரம் போட்டு வைக்கவும் இடம் உண்டு. சித்தப்பா பெயரை அங்கே எத்தனையோ முறை தேடிச் சலித்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பின்னேரம் அது வந்து நின்றது. கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி போட்ட மரம். சித்தப்பா, சித்தி, அவர்களுக்குக் கீழே ஒரே மகள். பிறந்த இடம் பதுளை. என் அக்கா. அவளுக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இறந்த தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துத்தான் நான் அழுதேன். என்னமோ ஏதோ என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

அந்த மரத்தில் அம்மா இல்லை, அப்பா இல்லை, நான் இல்லை. திருத்தம் செய்வதானால் ஆதாரம் இணைக்கவும் என்றது தளம். ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? இருக்கிற காகிதமெல்லாம் சித்தப்பா பக்கம்தான் சாட்சி சொல்லும். மரத்தைப் போட்ட பெண்ணுக்கு எழுதினேன். அக்காவின் பேத்தி அவள்.

"பாட்டிக்குத் தங்கச்சி இருக்காங்கன்னு நாங்க கேள்விப்பட்டதே இல்லைங்க" என்று பதில் வந்தது. "நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டினேன். எந்திரிச்சு உள்ள போனவங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாங்க."

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இடையில் ஒரு கல்யாணத்துக்காகப் பதுளையிலிருந்து ரயிலில் எல்லவுக்குப் போனேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள், சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்? அதே தண்டவாளம் என்பது எனக்குத்தானே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். போனை இன்னொரு கை வாங்கியது. திரையில் அம்மா இருந்தாள். அம்மாவேதான், அதே நெற்றி, அதே முறைப்பு. அது அக்கா என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் சுகம் விசாரிக்கவில்லை.

"அம்மா ஏன்டி கோச்சிக்கு வரல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டாள்.

"நான் என்னா, சோத்துக்குப் பாரமாவா இருந்தேன்? சித்தப்பாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. குடுத்தவங்கள எதுக்குப் பெத்தவங்கன்னு சொல்லணும்? அதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

கார்டைப் பற்றிச் சொன்னேன். அரிசியைப் பற்றி, அப்பா ஏறி இறங்கிய கந்தோர்களைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா வந்தாங்கக்கா" என்றேன். "வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் லீவு குடுத்தாங்க. அப்பா ஸ்டேசனுக்கு வந்தாரு. அம்மா கொழுந்து மலையில இருந்து கூடையோட எறங்கி ஓடியாந்தாங்க, என்னையும் இழுத்துக்கிட்டு. தெமோதரை தாண்டி ஒரு வளைவு இருக்குல்ல, ரோட்டுக்குக் கிட்ட, அங்கதான் நின்னோம். தலைத்துண்ட அவுத்து ஆட்டுனாங்க. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தோம். ஒன்னயக் காணோம். கோச்சி போனப்புறமும் அங்கயே ஒக்காந்திருந்தோம்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

"மலைப் பக்கம்."

அவள் போனை மடியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. திரையில் சேலை மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"நான் பள்ளத்துப் பக்கத்து ஜன்னல சண்ட போட்டுல்ல வாங்குனேன். அங்கேருந்துதான் நம்ம லயம் தெரியும். அம்மா வாசல்ல நிக்கிறாங்களா, நிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டே போனேன்டி."