பாவாயி கடைக் காளான்

ஏற்காட்டில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று சின்னராஜிடம் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். ஒண்டிக்கடை முக்கில் வாடகைக் காரை நிறுத்திவிட்டு நிற்கிற மனிதர் முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு, நேற்று எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். ஏரிக்குப் பக்கத்தில் பெரிய போர்டு வைத்த ஹோட்டல் என்று நீங்கள் சொன்னால், துக்க வீட்டில் பேசுகிற குரலில், போனது போகட்டும் விடுங்க என்பார்.

அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. காலை இட்லிக்கு பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் உள்ள சந்துக்கடை. பஜ்ஜி என்றால் ஏரிக்கரை வரிசையில் கடைசியாக நிற்கும் வீராயியிடம் மட்டும்தான். மற்றவர்கள் எண்ணெயை மாற்றுவது தேர்தலுக்குத் தேர்தல் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆரோக்கியசெல்வி தன் வீட்டு வாசலில் விற்கிற பன்றிக்கறி வறுவல். அதற்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவைக்க வேண்டும். ஆட்களைக் கூட்டிவருகிற டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்கிற ஹோட்டல்களின் பக்கமே அவர் போவதில்லை. தலைச்சோலையில் பிறந்து, எஸ்டேட் ஜீப் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இலவசச் சாப்பாட்டைத் தின்று நொந்தவர். முன்னால் உட்கார்ந்தவர்களுக்குச் சுடச்சுடப் போவதும், பின்கட்டில் டிரைவருக்கு நேற்றைய குழம்பு வருவதும் அவருக்கு அத்துப்படி. அதனால் தன் வண்டியில் வந்தவர்கள் சாப்பிடுகிற மேசையிலேயே தானும் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுவார். அந்த ரோஷத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

இத்தனை கடைகளுக்கும் மேலே அவர் வைத்திருந்தது பாவாயி கடையை. மஞ்சக்குட்டை போகிற ரோட்டில், தகரக் கூரையும் நாலு பெஞ்சும் உள்ள கடை. எஸ்டேட் ஆட்கள்தான் அங்கே சாப்பிடுவார்கள். களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம். இடி இடித்து மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மட்டும் காளான் குழம்பு. அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷம் போன் செய்து, அங்கே மழை பெய்கிறதா என்று சின்னராஜைக் கேட்பார்கள். அப்படி யாராவது கேட்டால் அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியாது.

அந்தக் குழம்புக்குப் பாவாயி வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காளானை யார் பறித்து வந்தாலும் சரி, எவ்வளவு பழகிய காளானாக இருந்தாலும் சரி, அதிகாலையில் குழம்பு வைத்து, சமைத்த கை முதலில் ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும். பிறகு மதியம் வரை காத்திருக்க வேண்டும். சாப்பிட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அடுத்தவர் இலைக்குக் குழம்பு போகும். பாவாயியின் மாமியார் அப்படிச் செய்தார், பாவாயியும் செய்தார். இது சின்னராஜுக்கும் தெரியும். தெரிந்திருந்தும்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஐப்பசி மழையில் தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பிரபாகர், அவர் மனைவி சிவரஞ்சனி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். வந்ததிலிருந்து சின்னராஜ் வண்டியில்தான் சுற்றினார்கள், அவர் சொன்ன இடத்தில்தான் சாப்பிட்டார்கள். வீட்டில் ஒரு தோசையை ஒரு மணி நேரம் தின்கிற மகள், வீராயியிடம் மூன்றாவது பஜ்ஜி கேட்டதைப் பார்த்து சிவரஞ்சனிக்கே ஆச்சரியம். ஊருக்குத் திரும்புகிற நாளில் சேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். முந்தின இரவு நல்ல இடி. காளான் குழம்பு சாப்பிடாமல் இவர்களை மலையிறக்குவது சின்னராஜுக்கு மனசு ஒப்பவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழம்பு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. ஐயாக்கண்ணு என்கிற தோட்ட வேலைக்காரர் அன்று காளான் கொண்டுவரத் தாமதமாகிவிட்டதாம். வழக்கமான புற்றுமேட்டில் கிடைக்காமல் வேறொரு சரிவில் பறித்து வந்திருந்தார். பாவாயி, இன்னும் தான் வாயில் வைக்கவில்லை, மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள் என்றார். சின்னராஜ் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது, நீங்கள் பார்க்காத காளானா என்றார். பாவாயி மறுபடியும் வேண்டாம் என்று தலையாட்டினார். சின்னராஜ் சிரித்துக்கொண்டே, அக்கா என்னமோ ஆஸ்பத்திரி நடத்துகிற மாதிரி பேசுகிறார்களே என்று கிண்டல் செய்தார். பாவாயி கரண்டியை எடுத்தார்.

குழம்பு கொஞ்சம்தான் இருந்தது. தன் பங்கையும் குழந்தையின் இலையில் போடச் சொல்லிவிட்டு சின்னராஜ் கீரையோடு களி சாப்பிட்டார். "நல்லாச் சாப்பிடு கண்ணு, ஊருக்குப் போனா இது கெடைக்காது" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சொன்னார். அவள் இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

மலையிறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது போன் வந்தது. பாவாயியின் மகள் காவேரி. டவர் விட்டு விட்டுக் கிடைத்ததால் பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஐயாக்கண்ணு வாந்தி எடுத்து மயங்கிவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், அவர் பறித்த காளானில்... அதோடு லைன் அறுந்தது.

சின்னராஜ் போனை டேஷ்போர்டில் போட்டார். பின்னால் பிரபாகர் ரயிலில் எந்தப் பெட்டி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாமா? சொன்னால் பாவாயி கடை அன்றோடு முடிந்தது. போலீஸ் வரும், போனில் படம் பிடித்துப் போடுவார்கள், ஏற்காட்டில் சின்னராஜ் பேரைச் சொன்னாலே காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால்? இவர்கள் ரயில் ஏறுவார்கள். ஏதாவது ஆனால் ஓடுகிற ரயிலில் ஆகும், பக்கத்தில் ஒரு டாக்டர் கூட இருக்கமாட்டார். ஐயாக்கண்ணு எப்போதும் குடிக்கிற ஆள்தானே, அதுவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் அடுத்த வளைவு வரைக்கும்கூட நிற்கவில்லை.

"பாப்பாவுக்கு வயிறு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டார். தூங்குகிறாள் என்றார் சிவரஞ்சனி. கொஞ்ச தூரத்தில் அவள் எழுந்து, அம்மா என்னமோ பண்ணுது என்றாள். சின்னராஜ் ஓரமாக நிறுத்துவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

இந்த வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பது புதிதா என்ன? அவர் வண்டியில் அதற்கென்றே பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் எப்போதும் இருக்கும். சிவரஞ்சனியும் அப்படித்தான் நினைத்து, மகளின் முதுகைத் தடவிவிட்டு, மலையிறக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சின்னராஜ் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். மலைதான் காரணமா, குழம்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பதுகூடப் பாவம் என்று அவருக்குப் பட்டது.

"சார், ரயிலுக்குப் போகவேண்டாமுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டுப்பாட்டையும் சொன்னார், தான் அவசரப்படுத்தியதையும் மறைக்கவில்லை. "அக்கா மேல தப்பில்லைங்க. வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் போடச் சொன்னேன்."

பிரபாகர் அவர் சட்டையைப் பிடித்தார். சின்னராஜ் விடுவிக்க முயலவில்லை. சிவரஞ்சனிதான், அடிக்கிறதை அப்புறம் அடிங்க, இப்ப வண்டி ஓடணும் என்று கத்தினார். மீதி வளைவுகளை சின்னராஜ் எப்படி இறக்கினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார், கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தார். அவள் அம்மா மடியில் படுத்துக்கொண்டு, யார் மேல் அப்பாவுக்குக் கோபம் என்று கேட்டாள். சிவரஞ்சனி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சேலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று பேரையும் படுக்க வைத்தார். சில காளான்களின் விஷம் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதனால் நாளைக்குத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். மீதிக் குழம்பு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். சின்னராஜ் வராந்தாவுக்கு வந்து பாவாயிக்குப் போன் செய்தார்.

குழம்பு இல்லை என்றார் பாவாயி. கொட்டிவிட்டீர்களா என்று கேட்டதற்கும் இல்லை என்றார். அப்புறம் எங்கே போனது?

"சட்டியில ரெண்டு கரண்டி கெடந்துச்சு. காலையில திங்கவேண்டியத இப்பத் தின்னுபோட்டேன் தம்பி."

சின்னராஜ் சுவரோடு உட்கார்ந்துவிட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் தான் எழுந்திருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு பாவாயி போனை வைத்தார். சின்னராஜ் காவேரிக்குப் போன் போட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டாவது போ என்றார். அம்மா கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், அசையமாட்டேன் என்கிறார் என்று அவள் அழுதாள். உள்ளே ஒரு குழந்தை, மலைமேல் பாவாயி. இரண்டுக்கும் காரணம் தான்தான் என்று சின்னராஜுக்குத் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் காவேரி மறுபடி பேசினாள். ஐயாக்கண்ணு கண் விழித்துவிட்டார். அவர் காளானைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். முந்தின நாள் ஒரு காதுகுத்து விருந்தில் கெட்டுப்போன கறியைத் தின்றிருக்கிறார். அந்தப் பந்தியில் உட்கார்ந்த இன்னும் சிலரும் அதே வார்டில் கிடக்கிறார்கள். கேட்டதும் சின்னராஜ் வாய்விட்டு அழுதுவிட்டார். டாக்டர் மட்டும் அசைந்து கொடுக்காமல், யாரும் விடியும் வரை நகரக்கூடாது என்றார்.

விடிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. குழந்தை பசிக்கிறது என்று இட்லி கேட்டாள். பிரபாகர் சின்னராஜின் முகத்தைப் பார்க்காமல் பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார். சிவரஞ்சனி ஒரு கணம் நின்று, "நீங்க சொல்லாம எங்களை ரயில் ஏத்தி விட்டிருக்கலாம்" என்றார். அது நன்றியா குற்றச்சாட்டா என்று சின்னராஜுக்குத் தெரியவில்லை.

நேராக மஞ்சக்குட்டை ரோட்டுக்கு வண்டியை விட்டார். பாவாயி அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்ததே தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தை இட்லி சாப்பிட்டாள் என்று சின்னராஜ் சொன்னதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னராஜ் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, தப்பு தன்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றார். இனிமேல் யாரைக் கூட்டி வந்தாலும் மதியத்துக்கு மேல்தான் கூட்டி வருவேன் என்றும் சொன்னார்.

பாவாயி தலைப்பை எடுத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் சின்னராஜைப் பயமுறுத்தியது.

"வந்தவிய கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேனுங்க. நீங்க கேட்டீங்கன்னுதான் போட்டேன். உங்க பேச்சத் தட்ட எனக்கு வராது தம்பி. அதனால நீங்க மட்டும் வாங்க, எப்ப வேணா வந்து சாப்பிடுங்க. இனி ஆரையும் கூட்டிட்டு வராதீங்க."

சின்னராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் எதைச் சொன்னாலும் அக்கா மறுபடியும் சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.