கருவையில் ஓர் உத்தரம்

சீமைக்கருவையை எங்கள் பக்கம் கரிமூட்டத்துக்குத்தான் வெட்டுவார்கள். அதைக் கூரை தாங்கும் உத்தரமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பிய கிறுக்கன் நான். என்ன உறுதி அந்த மரம்! ஆனால் நேராக மூன்றடி கிடைக்காது. துண்டு துண்டாக அறுத்து, மாதக்கணக்கில் காயவைத்து, பசை தடவி, அடுக்கடுக்காக இறுக்கி ஒட்டினால் எவ்வளவு நீளத்துக்கும் உத்தரம் செய்யலாம் என்று நம்பினேன். கோவில்பட்டியில் என் அறுவை மில்லில்தான் வேலை. அறுப்பது நான், ஒட்டுவது என் சேக்காளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவனை நம்பாமல் யாரை நம்புவது?

முதலில் செய்த இரண்டும் ஒட்டிய இடத்தில் பிளந்துகொண்டன. சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். மூன்றாவதைக் கல்லூரி ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்தார்கள். நாங்கள் எதிர்பார்த்த பாரத்தையும் தாண்டி நின்றது. அன்றைக்கு அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான்.

அதே முறையில் ஐந்து செய்து, இடைசெவலில் அக்கா கட்டிய ஓட்டு வீட்டுக்கு ஏற்றினேன். அத்தானுக்கு இஷ்டமில்லை. பரிசோதனையில் தேறியது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனத்ததும் நடு உத்தரம் விரிசல் விட்டது. அதற்குக் கீழேதான் அக்கா பிள்ளைகளைப் படுக்க வைப்பாள். முட்டுக் கொடுத்துவிட்டு மில்லுக்கு ஓடினேன். பரிசோதனையில் தேறிய உத்தரத்தைச் சாமி படம் மாதிரி அங்கேதான் வைத்திருந்தேன். அதில் பசை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க மெஷின் வாளில் கொடுத்தேன். பொறி பறந்தது. அடி அடுக்குக்கு மேலே, முழு நீளத்துக்கும் இரும்புப் பட்டை.

சேக்காளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ரெண்டு ஒடைஞ்சதுக்கே நீ படுத்த படுக்கையாக் கெடந்த. மூணாவதும் போச்சுன்னா தாங்க மாட்டலே. அதான் வச்சேன்."

அக்கா வீட்டுக்கு ஒட்டும்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றேன். பட்டை இல்லாமலே அதுவும் நிற்கும் என்று நினைத்தானாம். கையை ஓங்கினேன், அடிக்க வரவில்லை. கழுத்தை அறுத்துவிட்டு, பாசத்தில் செய்தேன் என்கிறான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடைசெவலுக்குத் திரும்பியபோது அக்கா சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்து என்னையே பார்த்தாள்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. ஒனக்கும் தெரிஞ்சுதான எங்க தலைக்கு மேல ஏத்துன?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.